பெரிய வீட்டு வேலையும் போலீஸ் வெரிஃபிகேஷனும்

டெல்லியில பெரிய வீடுகள்ல தங்கி வேலை பார்க்கப் போற நம்ம பிள்ளைங்களுக்காக இதை எழுதறேன். எனக்கு வேலை சுலபமாவே கிடைச்சது. ஜங்புராவுல வீட்டு வேலை செய்யற பெரியம்மா சொல்லிவிட்டாங்க. பழைய சமஸ்தானத்துக் குடும்பம். அந்த வீட்டு மேடம் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுப் பார்த்துட்டு அன்னிக்கே சரின்னுட்டாங்க. வேலைக்கு வர்ற ஆள் யாரு, எங்க இருக்காங்கன்னு போலீஸ் விசாரிக்கிற வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் வான்னாங்க. அங்கதான் மாட்டுச்சு.

என் ஆதார்ல இருந்தது மதராசி கேம்ப் முகவரி, டெல்லியில நம்ம தமிழ் ஜனங்க குடியிருந்த குடிசைப் பகுதி. 2025 ஜூன் 1-ல பாராபுல்லா வாய்க்கால் ஓரத்துல இருந்த எங்க வீடுகளை புல்டோசர் விட்டு இடிச்சுட்டாங்க. எங்களுக்கு நரேலாவுல ஃபிளாட் ஒதுக்கினாங்க. பல பேருக்கு அதுவும் இல்லை. ஸ்டேஷன்ல இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துட்டு, "இடமே இல்லையே, எங்க போய் விசாரிக்கிறது?"ன்னு திருப்பித் தள்ளினார். அப்பா பேர்ல இருந்த ஃபிளாட் அலாட்மென்ட் லெட்டரை நீட்டினேன். "இதுல உன் பேர் எங்க?" அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். நான் பொறந்து வளர்ந்த ஊர்ல எனக்கு முகவரி இல்லைன்னு சொன்னது இன்னும் வலிக்குது.

வெளியே ஒருத்தன் காசு கொடுத்தா முடிச்சுத் தரேன்னான். கொடுக்காதீங்க, வெரிஃபிகேஷனுக்குக் கட்டணமே கிடையாது. ஒரு ஏஜென்சியில ஒரிஜினல் ஆதாரை வெச்சுட்டுப் போன்னாங்க. ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுக்கணும்.

வழி இருக்கு. அலாட்மென்ட் லெட்டரை வெச்சு முதல்ல அப்பா ஆதார்ல முகவரியை மாத்தினோம். அப்புறம் குடும்பத் தலைவர் ஆதார்ல இருக்கிற முகவரியையே நமக்கும் போட்டுக்கிற முறையில, உறவுக்குச் சான்றா ரேஷன் கார்டைப் போட்டு நான் விண்ணப்பிச்சேன். அப்பா 30 நாளுக்குள்ள ஆன்லைன்ல சம்மதம் கொடுக்கணும். அவர் ஆதார்ல இருந்த நம்பரோ எப்பவோ கட்டாயிடுச்சு, ஓடிபி வரவே இல்லை. கெடு தாண்டி விண்ணப்பம் போச்சு, கட்டின பணமும் திரும்பல. ஆதார் சென்டருக்கு நேர்ல போய் நம்பரை மாத்தி மறுபடி போட்டோம். அதனால தலைவரோட மொபைல் நம்பரை முதல்ல பாருங்க.

புது ஆதாரோட போனப்ப அதே ஆள் ஒரு வார்த்தை பேசாம வாங்கிக்கிட்டார்.

மேடம் அதுவரைக்கும் வேற யாரையும் வைக்கல. ஞாயித்துக்கிழமை லீவு, சம்பளம் என் பேங்க் கணக்குல, தாழ்ப்பாள் உள்ள தனி ரூம், இது மூணையும் சேர்றதுக்கு முன்னாடியே கேட்டேன். ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் முதல் நாளே கேட்டுடுங்க.