ஹவானாவுக்குக் கொண்டுபோன பத்துப் பட்டரிகள்

ஒரு ஆளுக்கு இரண்டு பட்டரிதான். சீல் செய்த 12 வோல்ட் ஈயப் பட்டரி என்றால், உதிரியாக அதற்குமேல் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். நாங்கள் ஐந்து பேர் என்பதால் பத்து. ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். 2024 ஒக்டோபரில் மயாமி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, முனைகளில் டேப் ஒட்டியிருப்பதைக் காட்டி, மறுபடியும் உடுப்புகளுக்கு நடுவே அவற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு கியூப அம்மா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிய மூன்று பெரிய பொதிகள். என்ன இருக்கிறது என்று கேட்டேன். மருந்து, பால்மா, சவர்க்காரம், ஒரு ரைஸ் குக்கர் என்று விரல்விட்டுச் சொன்னார். அந்த வரிசையில் எல்லோருமே அப்படித்தான். ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்டிலிருந்து 90 மைல் கடல். அதற்கு அப்பால் இருக்கிற வீட்டுக்கு ஆளுக்கொரு கடையைக் காவிக்கொண்டு போனார்கள்.

நான் நியூ ஜேர்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன். மொனிட்டர், இன்ஃபியூஷன் பம்ப், வென்டிலேட்டர், இன்கியுபேட்டர் எல்லாம் என் கைக்கு வரும். இதே வேலை செய்யும் சிலர் ஒரு சிறிய உதவிக் குழுவுடன் கியூபத் தலைநகர் ஹவானாவில் ஒரு மகப்பேற்று ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நாள் போகிறார்கள் என்று தெரிந்ததும் லீவு எழுதிக் கொடுத்தேன். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் யூனியன் சிட்டிக்காரர். கியூபாவை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. அவருக்கு என் பயணம் பிடிக்கவில்லை. "நீ திருத்திக் கொடுப்பதை அந்த அரசாங்கம் தன் சாதனையாகக் காட்டும்" என்றார். 1968இல் சிறு கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டபோது அவருடைய அப்பாவின் கடையும் போனது. அந்தக் கோபத்தோடு எனக்கு வழக்கு இல்லை. புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் என் மேசையில் ஒரு பேப்பர் பையை வைத்துவிட்டுப் போனார். உள்ளே இரத்த அழுத்த மாத்திரை, ஆறு மாதத்துக்கு. மேலே அவருடைய பெரியம்மாவின் விலாசம்.

கியூபா மீது அமெரிக்கா போட்டிருக்கிற தடையால், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் அங்கே சும்மா சுற்றிப்பார்க்கப் போக முடியாது. சட்டம் அனுமதிக்கிற காரணங்கள் 12. குடும்பத்தைப் பார்ப்பது, செய்தி சேகரிப்பது, ஆராய்ச்சி, சமயப் பணி என்று போகும் அந்தப் பட்டியலில் மனிதாபிமானத் திட்டமும் ஒன்று. எந்தக் காரணம் என்று விமானத்துக்குப் பதியும்போதே குறிக்க வேண்டும். எங்கே தங்கினோம், என்ன செய்தோம், எதற்குச் செலவழித்தோம் என்ற பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னார்கள். 2025 மார்ச்சிலிருந்து அது பத்து வருடம். தங்கக்கூடாத இடங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அமெரிக்க வங்கி அட்டை அங்கே வேலை செய்யாது, ஆகவே ஒன்பது நாளுக்கும் வேண்டிய காசு கையில்.

இதெல்லாம் பயணிக்கு. கருவிக்கும் உதிரிப்பாகத்துக்கும் சட்டம் வேறு. ஏற்றுமதி அனுமதி தனியாக வேண்டும். வேறு நாட்டில் செய்த கருவியாக இருந்தாலும், அதன் பெறுமதியில் 10 வீதத்துக்கு மேல் அமெரிக்கப் பாகம் இருந்தால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு மொனிட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று விளங்கும். 2020 ஏப்ரலில், கொரோனா பரவத் தொடங்கிய நேரம், கியூபாவுக்கு வென்டிலேட்டர் கொடுத்துவந்த இரண்டு சுவிஸ் நிறுவனங்கள் ஒரு அமெரிக்கக் கம்பனியின் கைக்கு மாறியதால் விநியோகத்தை நிறுத்தின. கியூப நரம்பியல் மையம் பிறகு சொந்தமாகவே ஒரு வென்டிலேட்டரைச் செய்து எடுத்தது.

தடை என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த சொல் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது எனக்கு 11 வயது. பட்டரிக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை, சீமெந்துக்குத் தடை, யூரியாவுக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு எரிக்கிற விளக்கில் படித்தேன். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார், நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ செய்தி சொல்லும். என் கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். செஞ்சிலுவைக் கப்பலில் மருந்து வந்ததா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் பெட்டிகளை எங்கேயோ ஒரு ஆள் அடுக்கியிருப்பார் என்று நான் அப்போது நினைத்ததே இல்லை. மயாமியில் பட்டரியைச் சேர்ட்டுக்குள் சுற்றும்போதுதான் நினைத்தேன். அன்றைக்குப் பெட்டிக்காகக் காத்திருந்தவன் இன்றைக்குத் தடை போட்ட நாட்டின் பாஸ்போட்டை வைத்திருக்கிறேன், அந்த நாட்டுக்கு வரியும் கட்டுகிறேன். நான் கொண்டுபோனதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் துறைக்கு அங்கே 'எலெக்ட்ரோமெதிசினா' என்று பெயர். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீள அறை. பொறுப்பாக இருந்தவர் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பொறியியலாளர். எல்லோரும் 'இன்ஹெனியேரா' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை அவர் முதல் நாளே 'மிஹோ' என்றார். மகனே என்று அர்த்தம். சுவரோரம் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. கிழக்கு ஜேர்மனிக் கருவியிலிருந்து கழற்றிய ரிலே ஒன்றில், யப்பான் மொனிட்டரின் கெப்பாசிட்டர் இன்னொன்றில், சீன ஃபியூஸ் வேறொன்றில். ஒவ்வொரு மூடியிலும் அவருடைய சின்னக் கையெழுத்து.

முதலில் வந்தது செத்துக் கிடந்த ஒரு மொனிட்டர். மூடியைக் கழற்றிய உடனே பவர் சப்ளை போர்டை மாற்ற வேண்டும் என்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் முறை: பழுதான போர்டைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டுப் பழையதைக் கம்பனிக்கு அனுப்புவோம். வேலையில் நான் சோல்டரிங் அயர்னைத் தொட்டு ஆறு வருடம் இருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கினார். அதன் ஒரு கால் செப்புக் கம்பியால் கட்டியது. போர்டை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, ஒரு கெப்பாசிட்டரின் தலையை நகத்தால் தட்டிக் காட்டினார். லேசாக உப்பியிருந்தது. கரண்ட் போய்ப்போய் வருகிற இடத்தில் முதலில் சாவது அதுதான். அந்த அளவு கெப்பாசிட்டர் என் பெட்டியில் 40 இருந்தன. ஒன்றை எடுத்து மாற்றினார். மிச்சம் 39ஐயும் எண்ணி டின்னில் போட்டு, மூடியில் திகதி எழுதினார்.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் பாதத்தில் சுற்றி ஒட்சிசன் அளவைப் பார்க்கிற சென்சர் 60 கொண்டுபோனோம். எங்களிடம் ஒரு குழந்தைக்கு ஒன்று, பிறகு குப்பை. அங்கே அதையே துடைத்து, பசை போன பிறகு பிளாஸ்டர் சுற்றி, திரும்பத் திரும்பப் பாவிக்கிறார்கள். ஆனால் அந்த வார்டில் இருந்தது மூன்று வகை மொனிட்டர். எங்கள் பிளக் பொருந்தியது ஒன்றுக்குத்தான். போக முதல் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது வகைக்கு உள்ளே அதே தொழில்நுட்பம்தான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறு என்று இன்ஹெனியேராதான் கண்டுபிடித்தார். பழைய பிளக்கை எடுத்துப் புதிய சென்சரின் வயரில் பொருத்தலாம். சரி என்று புதிய பிளக்கை வெட்டிக் குப்பையில் போடப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதை உடைத்து, அரிசியை விடச் சின்ன ஒரு ரெசிஸ்டரைக் காட்டினார். சென்சரின் சிவப்பு விளக்கு எந்த அலைநீளத்தில் எரிகிறது என்பதை மொனிட்டர் அந்த ரெசிஸ்டரை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். விளக்கு எங்கே போகிறதோ அதன் ரெசிஸ்டரும் அங்கே போக வேண்டும். இல்லாவிட்டாலும் திரையில் எண் வரும், ஆனால் பிழையான எண். நான் படித்த விஷயம்தான். வேலையில் ஒருநாளும் தேவைப்படாமல் கை அதை மறந்திருந்தது. முதல் சென்சர் முடிந்ததும் தன் விரலில் சுற்றினார்: 97. ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்த மொனிட்டரிலும் 97. என் விரலில் 98, அங்கேயும் 98. எங்கள் ஐந்து பேரின் விரலிலும் பார்த்த பிறகுதான் அதை வார்டுக்குப் போக விட்டார். இரண்டு நாளில் 22 செய்தோம். மூன்றாவது வகைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. காலை 11 மணி தாண்டியிருக்கும். மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் நின்றுபோக, அதோடு முழு நாட்டின் மின்சாரமும் விழுந்தது. கரண்ட் வெட்டை அங்கே 'அபகோன்' என்பார்கள். அது அன்றாடம் நடப்பது. முழு நாடும் ஒன்றாக விழுவது அப்படி இல்லை. நாங்கள் அப்போது குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் ஒரு பம்புக்குப் பட்டரி போட்டுக்கொண்டு நின்றோம். முதலில் ஃபேன் ஓய்ந்த சத்தம். பிறகு, பட்டரி செத்த மொனிட்டர்கள் கறுத்தன. ஒரு வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் நின்ற தாதி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய கை சுவரில் தொங்கிய 'ஆம்பு' பையை, கையால் அமத்திக் காற்றுக் கொடுக்கிற பையை, எடுத்துக் குழாயில் மாட்டி, இரண்டு விரலாலும் பெருவிரலாலும் மெல்ல அமத்தத் தொடங்கியிருந்தது. உதட்டுக்குள் எண்ணினார். இன்ஹெனியேராவும் எண்ணினார், அவர் ஜெனரேட்டருக்காக. 14 என்றபோது வெளிச்சம் வந்தது.

அந்த 14 விநாடிக்காகத்தான் பட்டரி. நாங்கள் புதிது போட்டிருந்த நாலு கருவியும் அணையவில்லை. மிச்சம் ஆறு பட்டரி. தேவைப்பட்ட கருவி 19. அன்று பின்னேரம் அவரும் தலைமைத் தாதியும் ஆறையும் எங்கே போடுவது என்று அரை மணித்தியாலம் கதைத்தார்கள். எந்தக் குழந்தையின் நிறை என்ன, எது இரண்டு நாளில் வீட்டுக்குப் போகும், எதற்குக் கையால் காற்றுக் கொடுத்துச் சமாளிக்கலாம். எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒரு பொருளை வைத்து அப்படியொரு கணக்குப் போடுவதை 17 வருட வேலையில் நான் கேட்டதில்லை.

தங்கியது வெதாதோ பகுதியில் ஒரு அம்மாவின் வீட்டில். காலையில் மேசையில் பாண் இருக்கும். ஸ்பானிய மொழியிலும் அது 'பான்'தான். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொல்லின் சொந்தக்காரச் சொல். கூப்பன் கொப்பிக்கு ஆளுக்கு நாளுக்கு ஒன்று. 80 கிராமாக இருந்ததை அந்த வருடம் செப்டெம்பரில் 60 கிராமாகக் குறைத்திருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது: வீட்டில் அவரும் பேரனும் இரண்டு பேர், என் தட்டில் இரண்டு பாண். தாங்கள் முதலே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த நாள் விடிய பேரனுடன் நானும் பேக்கரிக்குப் போனேன், பிறகு ஒவ்வொரு நாளும் பாணை நானே மூன்றாகப் பங்கிட்டேன். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் நிழலைத் தேடி அங்கங்கே நிற்பார்கள். வருகிறவர் "உல்திமோ?" என்று கேட்பார், கடைசி ஆள் யார் என்று. ஒரு கை உயரும். அந்தக் கைக்குப் பிறகு நீங்கள். சங்கக்கடையில் கல்லை வைத்து இடம்பிடித்த எனக்கு அந்த ஒழுங்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு பின்னேரம் இன்ஹெனியேராவும் நானும் இருட்டுக்குள் 23ஆம் தெரு வழியே நடந்தோம். கே தெரு மூலையில் அரசு கட்டிக்கொண்டிருந்த ஹொட்டேல் நிற்கிறது, 40 மாடிக்கு மேல். நின்று அதைப் பார்த்தார். "எல்லாவற்றுக்கும் 'ப்லொக்கேயோ', அதாவது தடை, என்று சொல்லிப் பழகிவிட்டோம், மிஹோ. வெளியிலிருந்து ஒன்று உண்மைதான். உள்ளேயும் ஒன்று இருக்கிறது" என்றார். மின்நிலையங்கள் பழசாகிக்கொண்டிருக்க ஹொட்டேலுக்குப் பணம் போனதைத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அவருடைய அரசாங்கம் அவருக்குப் பதில் சொல்லட்டும். கெப்பாசிட்டருக்கு என் அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும், அதைக் கேட்க வேண்டியவன் நான்.

திரும்பி வந்து ஒரு கிழமையில், ஒக்டோபர் 30ஆம் திகதி, ஐ.நா. பொதுச்சபை இந்தத் தடையை நீக்கச் சொல்லி மறுபடியும் வாக்களித்தது. 1992இலிருந்து நடக்கிற வாக்கெடுப்பு. 187 நாடுகள் ஆதரவு, எதிர்த்தது அமெரிக்காவும் இஸ்ரேலும். யூனியன் சிட்டிக்காரரும் நானும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவருடைய பெரியம்மா மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கும் படத்தைக் காட்டினேன். ஃபோனை வாங்கி, கதிரைக்குப் பின்னால் தெரிந்த சுவரை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நீலப் பூச்சு அப்படியே இருக்கிறது என்றார்.

புறப்படும்போது இன்ஹெனியேரா இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்திருந்தார். பட்டரி, 20 மில்லிமீற்றர் ஃபியூஸ், வென்டிலேட்டருக்கு ஒட்சிசன் செல், மூன்றாவது வகை மொனிட்டரின் பிளக்; இந்த முறை பக்கத்திலேயே படமும் கீறியிருந்தார். 31 வரி. கடைசி வரி ஆஸ்பத்திரிக்கு இல்லை: வாசிக்கிற கண்ணாடி ஒன்று. ஃபியூஸ்கள் ஓடர் பண்ணிய மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. கண்ணாடிக்கு எழுதியிருந்த எண் 2.25 ஆ 2.75 ஆ என்று கையெழுத்தில் தெளிவில்லை. இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.