மல்லாட்டைக் கொல்லையில் புல் விதைத்த கதை

கடலூர்–சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் எங்கள் கொல்லை வரும். ஒன்றே கால் ஏக்கர், முழுக்க மணல். அப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டார், ஓரத்தில் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் முந்திரியை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அப்புறம் கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரித்தது, மல்லாட்டையையும் விட்டோம். மிஞ்சியது சாரணை, கோரை, நெருஞ்சி. கோடைக் காற்றில் எங்கள் மணல் பறந்து பக்கத்து வெட்டிவேர்ப் பாத்தியில் விழுகிறது என்று சண்டை வேறு.

சவுக்கு வை என்றார்கள். எனக்கோ சின்ன வயதில் வரப்பெல்லாம் நின்ற கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் திரும்ப வரவேண்டும். பெரியப்பா சிரித்தார்: "ஊரே கூலி குடுத்துப் புல்லைப் பிடுங்குது, நீ விதைக்கப் போறியா?"

விதை கடையில் வாங்கவில்லை. ஏரிக்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் கதிர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கையால் உருவினேன். கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு மாதிரி. கடல் காற்றில் தூவினால் அடுத்தவன் கொல்லைக்குத்தான் போகும். ஈர மணலோடு பிசைந்து தூவினால் நிற்கும். ஊசிப்புல் வேட்டியில் குத்திக்கொண்டு வீடுவரை வரும். அதன் வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து சுழன்று, விதையைத் தானே மண்ணுக்குள் திருகிவிடும். அதை மூடக்கூட வேண்டாம்.

முதல் வருஷம் இரண்டு தப்பு செய்தேன். பழக்க தோஷத்தில் ஆட்டுக்கிடை போட்டேன். எரு தின்று கொழுத்தது சாரணையும் கோரையும்தான். கூடவே ஆட்டுப் புழுக்கையிலிருந்து சீமைக்கருவேலம் கிளம்பியது. மணலில் பிறந்த புல் எருவுக்கு ஏங்குவதில்லை. மல்லாட்டைக்குப் போட்ட உரத்தின் மிச்சமே அதற்கு அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது, உருவிய விதையை அந்த மாதமே விதைத்தது. கொழுக்கட்டைப் புல் விதைக்கு உறக்கம் உண்டு, புதிதாக இருக்கும்போது சரியாக முளைக்காது. இது தெரியாமல், மண்தான் செத்துவிட்டது என்று விட்டுவிட்டேன். பரணில் மறந்துபோன ஒரு பை அடுத்த ஆடியில் கண்ணில் பட்டது. ஈரச் சாக்கில் ஐம்பது விதையைச் சுற்றி வைத்தேன். புதிதாக இருந்தபோது இதே சோதனையில் நான்குதான் முளைத்திருந்தன, இப்போது பத்தொன்பது! அன்றிலிருந்து விதைப் பைக்கு நான் மாதம் எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் வருஷம் ஏர் ஓட்டவேயில்லை. உழுதால் அடியில் கிடக்கும் களை விதை மேலே வரும், கோரைக்கிழங்கும் துண்டு துண்டாகப் பரவும். ஆடி மழைக்குக் களையை முளைக்கவிட்டேன். பூக்குமுன் களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டினேன். ஆவணியில் இன்னொரு சுற்று. புரட்டாசியில்தான் விதைத்தேன். ஐப்பசிவரை தள்ளினால் பெருமழை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. ஏறக்குறைய அரை எக்டேரான என் நிலத்துக்கு நான்கு கிலோ போட்டேன், எறும்பின் பங்கையும் சேர்த்து.

மார்கழியில் பார்த்தால் விரற்கடை உயரத்துக்கு அங்கங்கே நாலு தூர். மனசு விட்டுப்போனது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்: மேலே இருந்ததைப் போல மூன்று மடங்கு வேர். சரி, விடு என்று வந்துவிட்டேன். பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டி ஆடுகளைத் தடுத்ததுதான் அந்த வருஷத்தின் மிச்ச வேலை. அதற்கு ஆடு மேய்க்கும் ஆயாவிடம் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

மூன்றாம் வருஷம் முழங்கால் உயரம். கவுதாரி கூவியது. ஆயாவைக் கூப்பிட்டு, விதை உதிர்ந்த பிறகு அறுத்துக்கொள்ளச் சொன்னேன். "கட்டுக்கு எவ்ளோடா தம்பி?" என்றார். காசு வேண்டாம், அடித்தூரை விட்டு அறுத்தால் போதும் என்றேன். நம்பவேயில்லை.

கடல் பக்க ஓரத்தில்தான் இன்னும் பாக்கி. அங்கே கடற்கரை மணலில் படரும் இராவணன் மீசைப் புல்லின் வேர்விட்ட கொடித்துண்டுகளை மழைக்காலத்தில் புதைத்தேன். பாதி பிடித்தது, பாதியை மணல் மூடிவிட்டது. வரும் ஐப்பசிக்கு இன்னும் நூறு துண்டு வெட்ட வேண்டும். பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.