இன்ஸ்பயர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: 34 தீம்களை விடுங்கள், நியூகிரேஞ்சை எடுங்கள்

ஐரோப்பாவில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் துறை) முதுகலை படிக்கும்போது இன்ஸ்பயர் டைரக்டிவ் எங்களுக்குத் தனிப் பாடமாகவே இருந்தது. உறுப்பு நாடுகளின் வரைபடத் தரவை ஒரே முறையில் பகிர வைக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அது. எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று. தொல்லியல், கட்டிடக்கலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இதில்தான் அதிகம் திணறுவார்கள். பாரம்பரியச் சின்னங்களின் வரைபடத் தரவை இந்தச் சட்டம் எப்படித் தொடுகிறது என்ற கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வந்தே தீரும். அதற்கு நான் எப்படித் தயாரானேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வது, சட்டத்தின் மூன்று இணைப்புகளில் உள்ள 34 தீம்களையும், அதாவது தரவு வகைகளையும், உருப்போடுவது. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ‘பண்பாட்டுப் பாரம்பரியம்’ என்று ஒரு தீமே கிடையாது. 2007-இல் வந்த இந்த டைரக்டிவின் அடிப்படை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சுற்றுச்சூழல் விஷயத்தில் உள்ள அதிகாரம். பண்பாட்டில் அந்தந்த நாடு வைத்ததுதான் சட்டம். அதனால் பாரம்பரியம் பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்த வாசல், முதல் இணைப்பின் ஒன்பதாவது தீம்: பாதுகாக்கப்பட்ட இடங்கள். குறிப்பிட்ட பாதுகாப்பு நோக்கத்துக்காகச் சர்வதேச, ஒன்றிய அல்லது உறுப்பு நாட்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட அல்லது நிர்வகிக்கப்படும் பரப்பு என்பது அதன் வரையறையின் சாரம். ‘அறிவிக்கப்பட்ட’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு பழமையான கல்லாக இருந்தாலும், சட்டத்தின் கீழ் வராதவரை இந்தத் தீமில் அதற்கு இடமில்லை.

இதற்குப் பிறகு நான் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் அதன் மேல் ஓட்டிப் பார்த்தேன். அயர்லாந்தில் பாய்ன் நதி வளையும் இடத்தில் இருக்கும் ப்ரூ நா போய்ன்யா. நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்ற பெரிய கல்லறை மேடுகள் இருக்கும் பகுதி. 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் ஓடும் நதியோ நேச்சுரா 2000 என்ற ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்பு வலையமைப்பில் வரும் பகுதி. அதாவது கல்லறையும் மீனும் ஒரே தீமில், அடுத்தடுத்த பாலிகன்களாக (வரைபடத்தில் எல்லை காட்டும் மூடிய வடிவங்கள்) வந்து உட்காருகின்றன. சுற்றுச்சூழல் சட்டத்துக்குள் பாரம்பரியம் ஏன் என்று கேட்டால் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வெள்ளத் தடுப்பையோ புதுச் சாலையையோ திட்டமிடுகிறவருக்கு இரண்டும் ஒரே வரைபடத்தில் தெரிந்தாக வேண்டும்.

இப்போது பதிவை நிரப்பிப் பாருங்கள். இந்தத் தீமின் எளிய ஸ்கீமாவில், அதாவது பதிவுக்கான படிவ அமைப்பில், கேட்பது கொஞ்சம்தான்: வடிவம், அடையாள எண், பெயர், எந்த அறிவிப்பின் கீழ் வருகிறது, எந்த வகைப் பாதுகாப்பு, சட்ட ஆவணம், சட்டத் தேதி. வகைக்கான மதிப்புகளில் ‘தொல்லியல்’, ‘பண்பாடு’ இரண்டும் உண்டு. சட்டத் தேதி என்ற கட்டத்தைப் பார்த்ததும் கை தானாகவே கி.மு. 3200 என்று எழுதப் போகும். அங்கே வர வேண்டியது மேடு கட்டிய காலம் அல்ல, பாதுகாப்பு சட்டப்படி தொடங்கிய நாள். கட்டிய காலத்துக்கு இந்த ஸ்கீமாவில் கட்டமே கிடையாது. தொல்லியல்காரர்களுக்கு எரிச்சலூட்டும் விஷயம், எனக்கும்தான். உலகப் பாரம்பரிய எல்லையைச் சுற்றியுள்ள இடைப்பகுதியும் (பஃபர் ஸோன்) ஒரு பொறி. அது பட்டியலில் சேர்ந்த இடத்தின் பகுதி ஆகாது, இரண்டையும் ஒரே பாலிகனாக வரைந்துவிடாதீர்கள்.

2018 கோடையில் அங்கே கடும் வறட்சி. காய்ந்த பயிரில் நிற வேறுபாடு தெரிய, நியூகிரேஞ்ச் அருகே அதுவரை அறியப்படாத ஒரு பெரிய வட்ட அமைப்பு ட்ரோன் படத்தில் சிக்கியது. இதை வைத்து நான்காம் பிரிவைப் படியுங்கள். டைரக்டிவ் பொருந்த வேண்டுமானால் தரவு மின்வடிவில் இருக்க வேண்டும், பொது அதிகார அமைப்பின் கையில் அல்லது அதன் சார்பாக இருக்க வேண்டும், ஏதாவது ஒரு தீமில் விழ வேண்டும். புதிதாகப் போய்த் தரவு திரட்டு என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தனியார் ட்ரோனில் இருக்கும் படம் இதில் வராது. அரசுப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் பேச்சே. ஏறிய பிறகும், அந்த வட்டத்துக்குத் தனிப் பாதுகாப்பு உண்டா, அல்லது ஏற்கெனவே உள்ள உலகப் பாரம்பரிய எல்லைக்குள் விழுவது மட்டும்தானா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்தது பதின்மூன்றாம் பிரிவு, தரவைப் பொதுமக்கள் பார்ப்பதற்கு எப்போது கட்டுப்பாடு வைக்கலாம் என்று சொல்வது. நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள். மெட்டல் டிடெக்டரோடு திருட வருகிறவனுக்கு நாமே முகவரி கொடுக்கலாமா என்ற கேள்வி இது. (அயர்லாந்தில் அனுமதியில்லாமல் அந்தக் கருவியால் தொல்பொருள் தேடுவது குற்றம், 1987 சட்டத் திருத்தம்.) ‘மறைத்துவிடலாம்’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. தேடல் சேவையில், அதாவது இப்படி ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது என்று சொல்லும் மெட்டாடேட்டாவில் கட்டுப்பாடு வைக்க மூன்றே காரணங்கள்: சர்வதேச உறவு, பொதுப் பாதுகாப்பு, தேசப் பாதுகாப்பு. பார்க்கும் சேவைக்கும் பதிவிறக்கத்துக்கும் காரணப் பட்டியல் நீளம். அரிய உயிரினங்களின் இருப்பிடம் அதில் உதாரணமாகவே இருக்கிறது, புதைந்த தொல்லிடம் இல்லை. சுற்றுச்சூழலைப் பாதுகாத்தல் என்ற அதே காரணத்துக்குள் தொல்லிடத்தையும் கொண்டுவர முடியுமா என்பதுதான் வாதம். முடியும் என்பது என் கட்சி. ஆனால் விதிவிலக்குகளைக் குறுக்கியே பொருள் கொள்ள வேண்டும், வெளியிடுவதில் உள்ள பொதுநலனையும் எடைபோட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நியூகிரேஞ்சைப் போல ஊரறிந்த இடத்தை இந்தக் காரணம் சொல்லி மறைக்க முடியாது.

தொழில்நுட்பப் பகுதிக்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. ஆயத்தளம் ஐரோப்பாவுக்குப் பொதுவான இடிஆர்எஸ்89, சேவைகளில் தேடலும் பார்த்தலும் பொதுவாக இலவசம், நாடுகளின் தரவு ஒன்றோடொன்று பொருந்துவதற்கான இயங்குதன்மை விதிகள் 2010-இன் 1089-ஆம் ரெகுலேஷனில். அயர்லாந்தின் பழைய ஆய முறையான ஐரிஷ் கிரிடில் இருக்கும் ஆயங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பெரும்பாலும் அவரவர் நாட்டு உதாரணத்தை எடுத்து, ‘இந்தத் தேவாலயம் இன்ஸ்பயரில் வருமா?’ என்றுதான் தொடங்குவார். உடனே ஆம், இல்லை என்று சொல்லாமல் மூன்று கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் அறிவித்தார்கள், தரவு யார் கையில், மின்வடிவில் இருக்கிறதா. அறிவிக்கப்படாத தேவாலயமாக இருந்தாலும் மூன்றாம் இணைப்பின் ‘கட்டிடங்கள்’ தீமில் வரலாம் என்பதையும் கையில் வைத்திருங்கள். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.