யூகோஸ்லாவிய மவுசருக்குப் புதுக் குழல்

பழைய ராணுவத் துப்பாக்கியின் காலிபரை, அதாவது அது சுடும் தோட்டாவின் அளவை, மாற்றுவது என்றால், இருக்கும் குழலைக் கழற்றிவிட்டு வேறொன்றை முடுக்குவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். டெக்சாஸில் என்னுடைய எம்48 மவுசரை 8 மி.மீ.யிலிருந்து .308 அங்குலத் தோட்டாவுக்கு மாற்றியபோது, குழலை மாற்றியதுதான் இருப்பதில் சுலபமான வேலையாக இருந்தது. மீதி நேரமும் பணமும் குழலைச் சுற்றியிருந்த மற்ற உறுப்புகளுக்கே போயின.

இங்குள்ள தமிழ் நண்பர்கள் முதலில் கேட்பது, “நமக்கெல்லாம் துப்பாக்கி கொடுப்பார்களா?” என்பதுதான். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை உண்டு. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருக்கிறது. நான் கிரீன் கார்டு வந்த பிறகே இதில் இறங்கினேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, துப்பாக்கி கைக்கு வந்தது. பட்டறையில் வேலைக்கு விட்டுத் திரும்ப வாங்கும்போது அந்தப் படிவம் மறுபடி தேவையில்லை. பட்டறைக்காரர் தம் பதிவேட்டில் வரவும் பற்றும் எழுதிக்கொண்டால் போதும்.

எம்48 என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராகுயெவாட்ஸ் நகரத் தொழிற்சாலையில் தயாரானது. பார்வைக்கு ஜெர்மன் ராணுவத்தின் கே98கே மவுசர் போலவே இருக்கும். ஆனால் அதன் ரிசீவர், அதாவது குழல் வந்து பொருந்தும் எஃகு உடல், சற்றுக் குட்டை. இந்தச் சிறு வித்தியாசம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கொண்டுவந்த ஜெர்மன் மவுசர்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையைச் சற்று நீட்டிக் குடைந்து, எங்கும் கிடைத்த .30-06 தோட்டாவின் வெற்றுக்கூட்டில் 8 மி.மீ. குண்டை வைத்துச் சுட்டார்கள். 63 மி.மீ. நீளமுள்ள அந்தக் கூடு எம்48இன் குட்டை ரிசீவருக்குச் சரிவராது. .308இன் கூடு 51 மி.மீ. மட்டுமே. பழைய 8 மி.மீ. கூடு 57. இரண்டுக்கும் அடிவட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் குழலைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் போல்ட்டின் முகத்தைத் தொடவே தேவையில்லை.

அரசாங்கங்களே செய்த வேலைதான் இது. இஸ்ரேல் தன்னிடமிருந்த கே98கே துப்பாக்கிகளை 7.62 நேட்டோவுக்கு, அதாவது .308இன் ராணுவ வடிவத்துக்கு, மாற்றியது. ஜெர்மானியர்கள் விட்டுச்சென்றவற்றை நார்வே .30-06க்கு மாற்றியது, நீளமான தோட்டா நுழைய ரிசீவர் வளையத்தில் ஒரு சிறு பள்ளமும் வெட்டினார்கள். நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலை 1960களில் வேறு வழியில் போனது. பழைய .303 என்ஃபீல்டைத் திருத்தாமல், அதே வடிவத்தில், மேலான எஃகில், 7.62 தோட்டாவுக்கென்றே 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்தது. என்.சி.சி.யில் .303ஐத் தோளில் சுமந்தவர்கள் ஒரு 2ஏ1ஐப் பார்த்தால், தோட்டா அடுக்கும் பெட்டியான மாகசின் சதுரமாக இருப்பதைத் தவிர வேறு வித்தியாசத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எதற்கு மாற்ற வேண்டும்? முதல் காரணம் தோட்டா. மலிவான பழைய ராணுவச் சரக்கு வற்றிவிட்டது. கிடைப்பவற்றின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், சுட்டபின் குழலில் உப்பை விட்டுப்போகும். அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு. அமெரிக்கக் கம்பெனிகள் செய்யும் 8 மி.மீ. தோட்டாவோ வேண்டுமென்றே வீரியம் குறைத்தது. 1888ஆம் ஆண்டு ஜெர்மன் மாதிரித் துப்பாக்கியின் குறுகலான குழலில் யாராவது போட்டுச் சுட்டுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. இரண்டாவது காரணம் என் துப்பாக்கியின் குழல். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் வரிப்பள்ளங்களில் கறுப்புக் குழிகள். முன்பு வைத்திருந்த யாரோ மரக்கட்டையை அறுத்து, முன்பக்கக் குறிகாட்டியையும் அராவி எடுத்திருந்தார். அதனால்தான் துணிந்தேன். உறுப்புகளில் பொறித்த எண்கள் எல்லாம் ஒத்துப்போகிற, எவரும் கைவைக்காத ராணுவத் துப்பாக்கியை இப்படி மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. அது சரித்திரப் பொருள். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

குறுக்குவழி ஒன்று உண்டு என்று சிலர் சொன்னார்கள்: பழைய அறைக்குள் ஒரு எஃகு உறையைச் செருகிக் குட்டைத் தோட்டாவுக்கு ஏற்றதாக்குவது. அமெரிக்கக் கடற்படை 1960களில் கேரண்ட் துப்பாக்கிகளை 7.62க்கு மாற்றியபோது இதைத்தான் முதலில் செய்தது. சுட்ட கூட்டோடு உறையும் சேர்ந்து வெளியே வந்து விழுந்த கதை அங்கே நடந்தது. பின்னர் புதுக் குழலுக்கே போனார்கள். எனக்கோ இன்னொரு தடையும் இருந்தது: 8 மி.மீ. குழலில் .308இன் குண்டு தொளதொளவென்று போகும். எப்படிப் பார்த்தாலும் புதுக் குழல்தான்.

பட்டறைக்காரர் முதலில் குழலைத் தொடவில்லை. போல்ட்டைக் கழற்றி, அதன் முன்புறமுள்ள இரண்டு பூட்டுப் பற்களிலும் நீலச் சாயம் தடவி, பூட்டித் திறந்து பார்த்தார். ஒரு பல்லில் சாயம் அழிந்திருந்தது. மற்றதில் அப்படியே இருந்தது. சுடும் அழுத்தம் முழுவதையும் ஒரே பல் தாங்குகிறது என்று அர்த்தம். அரப்பசை போட்டுத் தேய்த்துச் சமன் செய்யலாம், ஆனால் கொஞ்சமாகத்தான். ராணுவ மவுசர்களில் பெரும்பாலானவை மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்திய எஃகு. மேல்தோலைத் தேய்த்துவிட்டால் அடியிலிருக்கும் மிருதுவான உலோகம் ஒவ்வொரு வெடிக்கும் நசுங்கிப் பின்வாங்கும். “குழல் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். ரிசீவர் தாங்காது என்றால் இங்கேயே நிறுத்திவிடுவேன்” என்று அவர் சொன்னபோதுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பழைய குழல் லேசில் வரவில்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டைகளுக்கு நடுவே குங்கிலியப் பொடி தூவி இடுக்கியில் இறுக்கி, நீளமான கம்பியால் திருகியபோது, ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று நான் பதறினேன், அவர் சிரித்தார். பிறகு கையாலேயே சுழற்றி எடுத்தார். காலியான ரிசீவருக்குள் சிறு விளக்கை விட்டுப் பற்கள் பதியும் இடங்களைப் பார்த்தோம். பள்ளம் விழுந்திருக்கவில்லை.

புதுக் குழல், அறை ஏறக்குறைய முடிந்த நிலையில் வந்திருந்தது. கடைசிக் கொஞ்சத்தைப் பட்டறையில்தான் குடைய வேண்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் உயிர் இருக்கிறது. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாக் கூடு குறுகும் தோள்பகுதி பதியும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். .308க்கு இரண்டு அளவுக்கட்டைகள்: ஒன்று 1.630 அங்குலம், மற்றது 1.634. முதலாவதன் மேல் போல்ட் பூட்ட வேண்டும், இரண்டாவதன் மேல் பூட்டக் கூடாது. நடுவில் இருப்பது மயிரிழைதான்.

சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் பிரைமரைத் தட்டும் சுடுமுள்ளையும் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார். குடைகருவியில் எண்ணெய் விட்டு, கையால் ஒரு திருகு. வெளியே எடுத்து, சுருளாக வந்த எஃகுத் துருவலைத் துடைத்து, அறையையும் துடைத்து, அளவுக்கட்டையைப் போட்டு, போல்ட் கைப்பிடியை ஒற்றை விரலால் தட்டிப் பார்ப்பார். பாதியில் நிற்கும். மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு திருகு. கடைசியில் கைப்பிடி தன் கனத்திலேயே இறங்கி உட்கார்ந்தது. 1.634ஐப் போட்டார், கைப்பிடி பாதியிலேயே நின்றது. அவர் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாகசின் இடக்கு செய்தது. பீட்டர் பால் மவுசர் வகுத்த முறைப்படி மாகசின் பெட்டியும் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் உதடுகளும் குறிப்பிட்ட தோட்டாவின் நீளத்துக்கும் சரிவுக்கும் ஏற்றபடி அமைந்தவை. .308 குட்டை, உடலும் அவ்வளவாகக் கூம்புவதில்லை. முன்னும் பின்னும் நகர்ந்து, சில சமயம் மூக்கு, அறைக்குள் ஏறும் சரிவில் இடித்து நின்றது. பெட்டியின் பின்புறம் மெல்லிய தகடு ஒன்றை வைத்து, உதடுகளை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மெருகேற்றி, மருந்தில்லாத பொய்த் தோட்டாக்களை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். அறையைக் குடைந்ததைவிட இதற்குத்தான் கூடுதல் நாள் பிடித்தது. தொலைநோக்கி மாட்ட ரிசீவரில் துளையிட்டதும், அதற்கு இடிக்காத சேஃப்டியைப் பொருத்தியதும் சாதாரண வேலை.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இப்படிக் காலிபர் மாற்றிய துப்பாக்கி அரசு அங்கீகாரமுள்ள சோதனைச் சாலையில் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதிக்கப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் சோதனை எளிமையானது: பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, தடுப்புக்குப் பின்னால் நின்று, விசையைக் கயிற்றால் இழுத்தோம். சுட்ட கூடுகளை எடுத்து, அடிப்பகுதிக்கு மேலே பளிச்சென்று வளையக்கோடு விழுந்திருக்கிறதா, பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதன்பிறகே தோளில் வைத்தேன். நூறு கெஜத்தில் பழைய குழல் இலக்குத்தாளெங்கும் சிதறடித்துக்கொண்டிருந்தது. புதியது உள்ளங்கைக்குள் அடக்கியது.

குழலின் மேல், வெளியே தெரியும் இடத்தில், புதுக் காலிபரை ஆழமாகப் பொறிக்கச் சொன்னேன். ரிசீவரில் பழைய யூகோஸ்லாவிய அரசுச் சின்னம் அப்படியே இருப்பதால், விஷயம் தெரிந்தவர் எவரும் இதை 8 மி.மீ. என்றே எடுத்துக்கொள்வார். எனக்குப் பிறகு யார் கைக்குப் போகுமோ.

செலவுக் கணக்கைக் கேட்பவர்களுக்கு: துப்பாக்கி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அதே பணத்துக்குக் கடையில் புதிய .308 வேட்டைத் துப்பாக்கி கிடைக்கும். அது இன்னும் நன்றாகவும் சுடும். மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்க வேண்டாம்.

என்னுடையதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தம் கே98கேயைத் தூக்கிக்கொண்டு அதே பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் எண்களைப் பார்த்தார், ஒன்றுக்கொன்று எல்லாம் ஒத்துப்போயின. குழலுக்குள் பார்த்தார், சுத்தமாக இருந்தது. வேலை செய்ய மறுத்துவிட்டு, 8 மி.மீ. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் கருவிகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து அனுப்பினார். நண்பருக்குக் கோபம். இப்போது வாரக் கடைசிகளில் தோட்டா நிரப்புவது எப்படி என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.