பெட்டியில்லாத ரவுட்டர்: மே மாதக் குறிப்புகள்

மே 2

அலங்காநல்லூரில் மாமா நடத்தும் டியூஷன் சென்டருக்கு ஒரு ரவுட்டர் வேண்டும். கைக்கு வந்தது மிக்ரோடிக் நிறுவனத்தின் ஆர்பி433 என்ற ரவுட்டர் போர்டு. பெட்டியும் இல்லை, அடாப்டரும் இல்லை, வெறும் போர்டு. மூன்று ஈதர்நெட் போர்ட்டுகள், ரேடியோ (வைஃபை) கார்டு செருக மூன்று இடங்கள், ஒன்பது முனை சீரியல் போர்ட் ஒன்று. மாமா ஒரு மஞ்சள் பை நிறையப் பழைய அடாப்டர்களை நீட்டி, “இதில் ஏதாவது ஒன்று பொருந்தும் மாப்பிள்ளை” என்றார். சிக்கலே அதுதான். அநேகமாக எல்லாமே பொருந்துகின்றன.

மே 3

பையைத் தரையில் கொட்டி, மீட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். போர்டு ஏற்பது 10 முதல் 28 வோல்ட் வரையிலான டிசி. ஜாக்கின் நடு முனை பாசிட்டிவ். இசை கீபோர்டுக்கு வந்த அடாப்டரில் நடு முனை நெகட்டிவ் என்று லேபிளிலேயே வட்டமிட்டுக் காட்டியிருக்கிறது. அதைத் தனியே வைத்தேன். டிரான்ஸ்பார்மர் வகை ஒன்றில் 24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. பளு இல்லாமல் மீட்டரில் 33 காட்டுகிறது. கனமான பழைய அடாப்டர்களின் குணமே இது. கேமராவுக்கு வாங்கிய 48 வோல்ட் இன்ஜெக்டரை, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் ஏற்றும் பெட்டியைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். தரப்படியான பிஓஇ (கேபிள் வழி மின்சாரம்) ஸ்விட்ச், எதிரே இருப்பது யார் என்று சோதித்த பிறகே மின்சாரம் அனுப்பும். இந்த மலிவு இன்ஜெக்டர் எதையும் கேட்காது. நெட்வொர்க் கேபிளைச் செருகிய கணமே 48 வோல்ட்டும் போர்டுக்குள் போய்விடும். அதன் மேல் சிவப்பு டேப் சுற்றி, பரணில் போட்டேன். மாமாவுக்கு வருத்தம்.

தேறியது ஒரு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். மீட்டரில் 12.1.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அந்த வெயிலில் மதுரை டவுன்ஹால் ரோடு போய்ப் பித்தளை ஸ்பேசர், பியூஸ் ஹோல்டர், 1 ஆம்பியர் பியூஸ்கள் வாங்கினேன். வழியில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. ரவுட்டருக்கு எதற்கு என்று கடைக்காரர் கேட்டார், சொன்னதும் சிரித்தார்.

மே 5

போர்டை ஸ்பேசர்களில் தூக்கி, பிளைவுட் பலகையில் திருகினேன். அது வந்த வெள்ளிநிறப் பையின் மேலேயே வைத்து இயக்குகிறவர்கள் உண்டு. பையில் உலோகப் பூச்சு இருக்கிறது, அடிப்பக்கத்துப் பற்றவைப்புகள் ஷார்ட் ஆகலாம். ரேடியோ கார்டில் ஆன்டெனாவை மாட்டிய பிறகே மின்சாரம். பல்பைத் தொடரில் இணைத்து ஸ்விட்சைப் போட்டேன். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து, பாதிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். நொடிப் பொழுது மங்கலாக மின்னி அணைந்தது. போர்டின் சிறு விளக்கு எரிந்தது. எந்தச் சில்லும் கையைச் சுடவில்லை. பல்பை நீக்கி, பியூஸை மட்டும் வழியில் விட்டேன்.

மே 6

சீரியல் போர்ட் ஆர்எஸ்232 என்ற, அதிக வோல்ட்டேஜில் பேசும் வகை என்பதால் 3.3 வோல்ட்டில் பேசும் டிடிஎல் மாற்றியைத் தொடவில்லை. யுஎஸ்பி-ஆர்எஸ்232 கேபிள், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மாற்றித் தரும் நல்-மோடம் இணைப்பு, வேகம் 115200. லேப்டாப் திரையில் எழுத்துகள் ஓடின. பழைய கணக்கு எதுவும் மிஞ்சாதபடி ரீசெட் செய்து, ரவுட்டரின் முகவரியான 192.168.88.1-க்குப் போய்க் கடவுச்சொல் வைத்தேன். ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் வழியில் 2018-இல் தெரியவந்த பாதுகாப்பு ஓட்டைக்கு ரவுட்டர் மென்பொருளின் பழைய பதிப்புகள் இலக்காயின என்பதால், புதுப் பதிப்பை லேப்டாப்பிலிருந்து ஏற்றும் வரை வெளி இணையத்தை இணைக்கவில்லை.

மே 9

மின்வெட்டுக்காக பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரில் போட்டால் நீண்ட நேரம் வரும் என்று மாமா வாதிட்டார். சார்ஜ் ஆகும்போது 28.8 வரை ஏறும், போர்டின் எல்லை 28 என்றேன். “0.8-க்கா இவ்வளவு?” என்றார். ஒரே பேட்டரி, அதன் முனையருகிலேயே ஒரு பியூஸ் என்று முடிவாயிற்று. இன்னொரு பேட்டரி வேண்டுமென்றால் பக்கத்தில் இணையாக வைக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வகை, ஒரே வயதாக இருக்க வேண்டும். மாமாவிடம் இருக்கும் இரண்டில் ஒன்று டிராக்டரிலிருந்து கழற்றியது.