பற்கூழ் திறந்துவிட்டதா? வைவாவில் முதலில் இரத்தத்தைச் சொல்லுங்கள்

நேற்றுப் பின்னேரம் பல் மருத்துவ வைவாவின் (வாய்மொழிப் பரீட்சை) பெறுபேறு வந்தது. ரிப்பீட் பாஸ். ஹட்டனுக்கு ஏறும் ரயிலில், நாவலப்பிட்டி தாண்டியதும் பார்த்தேன். அதோடு சிக்னல் போய்விட்டது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. "சொத்தையை எடுக்கும்போது பற்கூழ் திறந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" பற்கூழ் என்பது பல்லுக்குள் இருக்கும், நரம்பும் இரத்தக்குழாயும் கொண்ட மென்திசு. நான் நேரே அதை மூடும் சிமெந்தைச் சொன்னேன்: "எம்டிஏ". "இரத்தம் நின்றதா?" என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனேன்.

திறந்த கூழை மூடும் மருந்துகளின் ஒப்பீட்டு அட்டவணை எல்லாரிடமும் இருக்கும். நாக்கு நுனியில் இருக்கவேண்டியது இவ்வளவுதான்:

- கல்சியம் ஹைட்ரொக்சைட்: பிஎச் சுமார் 12.5. கூழின் மேற்பரப்பைச் சுடும், அதன் கீழே டென்டீன் (பல்லின் உட்புறக் கடினத் திசு) பாலம் கட்டும். பாலத்தில் சுரங்கம்போல ஓட்டைகள் விழும். மருந்தும் நாளடைவில் கரையும்.
- எம்டிஏ: பாலம் சீரானது, சீல் நல்லது. இறுக 2 மணி 45 நிமிடம். பிஸ்மத் ஒக்சைட் பல்லைக் கறுக்கவைக்கும், முன்பல் என்றால் யோசியுங்கள். விலையும் கூட.
- பயோடென்டின்: கல்சியம் குளோரைட் இருப்பதால் சுமார் 12 நிமிடத்தில் இறுகும். நிறமாற்றம் குறைவு. எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும்.

இதற்கு முன்னால் வரவேண்டியதுதான் இரத்தம். ரிப்பீட்டுக்கு முன் கிளினிக்கில் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் திரை) போட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சுருண்டையை வைத்தேன். எடுத்துப் பார்த்தால் நடுவில் கடுகளவு சிவப்பு. மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை வெறும் ஈரம். அந்த மூன்று உருண்டைகள்தான் என்னைப் பாஸாக்கின என்று நம்புகிறேன். பத்து நிமிடத்திலும் நிற்காவிட்டால் கூழ் உள்ளே அழன்றிருக்கிறது. அப்போது மூடக்கூடாது, பல்பொட்டமிக்கு (கூழின் மேற்பகுதியை வெட்டி எடுப்பது) போகவேண்டும்.

ஆய்வு ஒன்றே ஒன்று சொல்வதென்றால் 1965இல் ககெஹாஷி குழு செய்த எலிப் பரிசோதனை. கிருமியே இல்லாத எலிகளில், திறந்த கூழ் மருந்தே வைக்காமல் பாலம் கட்டி ஆறியது. சாதாரண எலிகளில் கூழ் செத்தது. எந்த மருந்து என்பதைவிட அன்றே போடும் கசிவில்லாத நிரப்பல் ஏன் பெரிது என்று இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

குப்பி வகுப்பு (மாணவர்களே கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது) எனக்குச் சரிவரவில்லை, கூட்டத்தில் தலைக்குள் ஒன்றும் ஏறாது. விடியற்காலை தோட்டத்து ரோட்டில் நடந்தபடி சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏ.எல். வரை தமிழில் படித்து வந்த தங்கச்சிமார், தம்பிமார் இதைக் கட்டாயம் செய்யுங்கள். தெரிந்த விடையே ஆங்கிலத்தில் வாய்க்கு வராமல் நின்றுவிடும். விரல் மடக்கி வரிசையாகச் சொல்லுங்கள்: டேம், இரத்தம், மருந்து, சீல், ஆறு மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே.

இரண்டாம் தடவை நான் மூன்றாம் விரலுக்கு வரும் முன்பே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.