தடிக்கு அந்தப் பக்கம்

27 ஜனவரி 2025, திங்கள்
மிதிவெடி எடுக்கப் போகும் எங்களுக்கு இன்று வாகனம் வரவில்லை. அமெரிக்க உதவிப் பணம் நின்றுவிட்டதாம், 90 நாள் வேலை இல்லை என்கிறார்கள். கடல் கடந்து யாரோ போட்ட கையெழுத்து.

28 ஜனவரி
துப்புரவாக்கிய எல்லைக்கு அடையாளமாகக் கடைசித் தடியை எங்கே குத்தினேன் என்று கண்ணை மூடினாலும் தெரிகிறது. தலை போன பனைக்கு இடப்பக்கம். அதற்கு ஒரு முழம் முன்னால் டிடெக்டர் கத்தியது. தோண்டத் தொடங்குமுன் விசில் ஊதிவிட்டார்கள்.

ஷெல் துண்டாகத்தான் இருக்கும். இலங்கையின் வடக்கே, எங்கள் முகமாலையில் மண்ணைவிட இரும்புதான் அதிகம். 2000இலிருந்து 2009 வரை இராணுவமும் புலிகள் இயக்கமும் அங்கேதான் முகத்துக்கு முகம் நின்றார்கள். ஆனால் ஆணி கத்தினாலும் மிதிவெடி கத்தினாலும் நமக்கு ஒரே வேலைதான். முழந்தாளில் இருந்து, பக்கத்தால் மெல்ல மெல்லச் சுரண்டிப் போக வேண்டும். பார்க்காமல் விட்டுவந்த சத்தம் இது ஒன்றுதான்.

31 ஜனவரி
தூக்கம் இல்லை. அம்மா, "இப்பவாவது கொஞ்சம் ஆறியிரு பிள்ளை" என்கிறார்.

4 பெப்ரவரி
சுதந்திர தினம். கடைகள் பாதி பூட்டு. பளைச் சந்தியில் கிணற்றுக்கார ஐயா பிடித்துக்கொண்டார்.

"எப்ப பிள்ளை விடுவியள்?"

என்ன சொல்ல? 2000இல் உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் செட்டிகுளம் முகாம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர். அவருடைய கிணறு தடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நின்றால் கட்டு தெரியும். நாங்கள் வேலை செய்தபோது வாரம் ஒரு தரமாவது வந்து தூரத்தில் நின்று பார்ப்பார். இப்போது அங்கே யாரும் இல்லை. "போகாதேங்கோ ஐயா" என்று இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

14 பெப்ரவரி
சம்பளம் பாதிதான் வந்தது. அதைப் பற்றி எழுத மனமில்லை.

வேறு ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றுகிறது. இராணுவம் தாட்டது பாகிஸ்தான் செய்த பி-4 மிதிவெடி. அதைப் பார்த்து இயக்கம் செய்தது ரங்கன்-99. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். இவற்றுக்குள் இருக்கும் வெடிமருந்து, ஆளைக் கொல்லவென்று அளந்தது அல்ல, பாதத்தை எடுக்கவென்று அளந்தது. செத்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னேறலாம். கால் போனவன் கத்துவான், அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், பார்த்தவர்களுக்குக் கால் எழும்பாது. ஏதோ ஒரு நாட்டில், மின்விசிறிக்குக் கீழே, படித்த ஒருவர் இதை நிதானமாக யோசித்திருக்கிறார். எத்தனை கிராம் போட்டால் ஒருவன் சாகாமல் இருப்பான் என்று.

தாட்ட பையன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவனுக்குப் பதினெட்டு இருந்திருக்கும், அதுவும் இல்லாமல் இருந்திருக்கும். அந்த மேசைக்காரர்மேல் வருகிறது.

15 பெப்ரவரி
அண்ணாவிடம் கேட்கவில்லை. இன்றும்.

26 பெப்ரவரி
சிவராத்திரி. விழித்திருப்பதற்கு எனக்குக் கோயில் தேவையில்லை.

1 மார்ச்
மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1999இல் இதே நாள். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தந்தார்கள். பயன்படுத்தக் கூடாது, செய்யக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. எல்லாம் துப்புரவாக்க 2028 ஜூன் 1 வரை தவணை. நாங்கள் வீட்டில் இருந்தாலும் அந்தத் திகதி நகராது.

9 மார்ச்
மழை. மணல் நகரும். தடிகள் நிற்கின்றனவா என்று யார் பார்ப்பது?

19 மார்ச்
மகளுக்கு ஓ.எல். சோதனை நடக்கிறது. விடிய எழுப்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் கைபேசியைத் திறந்தால் செய்தி. போலந்து, லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, நான்கு நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் ஒன்றாக நேற்று அறிக்கை விட்டிருக்கிறார்கள், ஒட்டாவாவிலிருந்து விலக வேண்டும் என்று. பக்கத்தில் ரஷ்யா.

சரி. அவர்களுடைய பயம் பொய்யில்லை. 2022இல் உக்ரைனுக்கு நடந்ததை உலகமே பார்த்தது. ரஷ்யா இந்த ஒப்பந்தத்துக்குள் வந்ததே இல்லை. அமெரிக்கா, சீனா, இந்தியா, பாகிஸ்தானும் இல்லை. நாங்களும் மண் அணைக்குப் பின்னால் கிடந்தவர்கள்தான். "முன்னுக்கு மிதிவெடி தாட்டிருக்கு, இண்டைக்கு வரமாட்டாங்கள்" என்று யாரோ சொல்ல, பங்கருக்குள் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் உண்டு. அதை மறைத்துவிட்டு நல்லவள் மாதிரி எழுத முடியாது.

ஆனால் அதே அறிக்கையில், விலகினாலும் மனிதாபிமானச் சட்டத்தை மதிப்போம், பொதுமக்களைக் காப்போம் என்றும் எழுதியிருக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. எப்படிக் காப்பீர்கள்? இராணுவத்தை வரச் சொல்லலாம், போகச் சொல்லலாம். 2009 மேயில் சண்டை முடிந்தது என்று மிதிவெடிக்கு யார் போய்ச் சொன்னது? வரைபடம் வைத்திருப்போம் என்பார்கள். இங்கேயும் சில இடங்களுக்கு வரைபடம் இருந்தது. வெள்ளம் வந்தது, ஷெல் விழுந்து மண் புரண்டது, அடையாளத்துக்கு எழுதிய மரம் இல்லை, எழுதிய ஆளும் இல்லை. ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க முழந்தாளில் நின்றால் சில சதுர மீட்டர். தாட்பதற்கு ஒரு இரவு போதும்.

எடுப்பவர்களை ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் கணவனைப் போரில் கொடுத்த பெண்கள். அந்த அமைச்சர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மார்புக் கவசத்தோடு பகல் வெயிலில் எங்களோடு இருக்கட்டும்.

இன்றைய பாடம் சுகமாம் என்று வந்து சொன்னாள். நல்லது.

2 ஏப்ரல்
பின்லாந்தும் விலகப்போகிறதாம். 2012இல் சேர்ந்து, கையிலிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை 2015க்குள் அழித்த நாடு. அழித்தவர்களே.

4 ஏப்ரல்
மிதிவெடி விழிப்புணர்வு நாள். போன வருடம் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டினோம். இந்த வருடம் ஒன்றும் இல்லை. 2023இல் மட்டும் உலகத்தில் மிதிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 5,757 பேர் செத்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். நூறில் 84 பேர் பொதுமக்கள். அந்தப் பொதுமக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிள்ளைகள். கூட வேலை செய்பவளிடம் ஃபோனில் சொன்னேன். "வேறை கதை இல்லையோ உனக்கு?" என்றாள். இல்லை.

5 ஏப்ரல்
ஐயா போயிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லாமல் விடியப்புறம் தடியைத் தாண்டிப் போய், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். "ஒண்டும் நடக்கேல்லையே பிள்ளை, தண்ணி கிடக்கு" என்று சிரிக்கிறார். எந்த வழியால் போனீர்கள் என்று கேட்டேன். தலை போன பனையடியால். என் கை நடுங்கியது. சத்தம் போட்டுப் பேசிவிட்டேன், வயதானவர் என்றும் பாராமல். நாளைக்குப் பேரனையும் கூட்டிப்போவாராம், கிணறு இறைக்க.

ஐயாவின் மகனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவன், "நீங்கள் எடுத்து முடிச்சிருந்தால் அப்பா ஏன் இப்பிடிப் போறார்?" என்றான். நியாயம்தான்.

6 ஏப்ரல், ஞாயிறு
விடிய ஐயா வீட்டுப் படலையில் போய் உட்கார்ந்தேன். அவர் வெளிக்கிடவில்லை. பேரனுக்கு ரியூசன். பிறகு நேரே அண்ணா வீட்டுக்குப் போனேன்.

மருந்துக்கு ஆடு ஒன்றை விற்றிருந்தார். ஜெய்ப்பூர் பொய்க்காலைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் இருந்தார். அண்ணி உள்ளே. கேட்டேவிட்டேன்.

"அண்ணா, கிணத்தடி வரிசை நீங்கள் தாட்டதோ?"

கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்தக் கிணறு?" என்றார். பனை, வாய்க்கால், பழைய ரோட்டு வளைவு என்று சொன்னேன். மகளின் கொப்பியில் ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன். ஒரு கோடு போட்டார். அதைத் தாண்டி இன்னொன்று. அந்த இரண்டாவது கோடு எங்கள் அளவைப் படத்தில் இல்லை.

"அப்ப பனையில தலை இருந்தது" என்றார். அளவு சரியாக ஞாபகமில்லையாம். பதினொன்றா பன்னிரண்டா என்று விரல் மடித்துப் பார்த்தார்.

தாளைப் படம் எடுத்துச் சுப்பர்வைசர் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை. அண்ணாவின் பெயர் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அண்ணியோடும் கதைக்க வேண்டும். பேரனுக்கு நாளைக்கு ரியூசன் இல்லை. ஐந்து மணிக்கு முதல் அந்தப் படலைக்குப் போக வேண்டும்.